நீலமாகாத கட்டம்

விண்வெளியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வீட்டுக் கூரையில் மாட்டியிருக்கும் டிவி தட்டுதான். எங்கள் ஊர் கிள்ளானில் மழை பிடித்தால் முதலில் உயிரை விடுவது அது. சீரியலில் மாமியார் கையை ஓங்கியிருப்பாள். படம் அப்படியே உறைந்துவிடும். அறை விழுந்ததா இல்லையா என்பது மறுநாள்தான் தெரியும். அத்தனை செலவு செய்து மேலே அனுப்பிய சாமான் ஒரு மழைக்குத் தாங்கவில்லையே என்பதுதான் விண்வெளி குறித்து நான் வைத்திருந்த ஒரே கொள்கை. இப்பேர்ப்பட்ட ஆளைத்தான் ‘விண்வெளியை ஆள வேண்டியது அரசா, தனியாரா?’ என்ற பட்டிமன்றத்துக்கு நடுவராகப் போட்டார்கள்.

போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கம்பெனியில் காலமெல்லாம் அடுத்தவன் பெட்டிகளைக் கப்பலேற்றிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். என்னைக் கப்பலேற்ற யாருமில்லாததால் மேடையேறினேன். என் தொப்பை, என் வழுக்கை, நான் வைத்த மீன்கறியை எங்கள் வீட்டுப் பூனை முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது என்று என்னையே விற்றுப் பொன்னாடை வாங்குவேன். தலைப்பு பெரும்பாலும் குடும்பம் நடப்பது கணவனாலா மனைவியாலா என்கிற மாதிரி இருக்கும். தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: இரண்டும் நமக்கு இரண்டு கண்கள். நான் ‘கண்’ என்று ஆரம்பித்ததுமே பின்வரிசையில் நாற்காலி மடக்கத் தொடங்கிவிடுவார்கள்.

என்னைப் போட்டதற்கு இன்னொரு காரணம் என் மகள். அரசாங்கத்தில் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கிற பிரிவில் வேலை. வெள்ளம், காட்டுத்தீ, கடலில் எண்ணெய்க் கசிவு எதுவானாலும், மேலிருந்து எடுத்த படத்தை வைத்து அவள் வரைபடம் போட்டுக் கொடுப்பாள். மகள் விஷயம் சொல்லும், அப்பா அதை ஜோக்காக்கிவிடுவார் என்று ஏற்பாட்டாளர்கள் கணக்குப் போட்டார்கள். வசூலாவது தமிழ்ப்பள்ளிக் கட்டட நிதிக்கு. மறுக்க முடியவில்லை.

ஏற்பாட்டுக் கூட்டம் தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நடந்தது. அரசு அணித் தலைவர் அந்த வட்டாரத்துக்காரர், யாழ்ப்பாணத்து வழி வந்தவர். தாத்தா ரயில்வே, அப்பா தபால் ஆபிஸ், இவர் நில அலுவலகத்தில் அதிகாரி. அவர் வீட்டுப் பூனைக்கும் பென்ஷன் உண்டு என்று நான் சொல்வதுண்டு. தனியார் அணித் தலைவர் கிள்ளானில் ஹார்ட்வேர் கடை வைத்திருப்பவர். அவருடைய பாட்டனார் காரைக்குடிப் பக்கமிருந்து இங்கே வட்டிக்குக் கொடுக்க வந்தவர். யாருக்கு எந்த அணி என்று சீட்டுப் போடத் தேவையே இருக்கவில்லை.

“இங்க பாருங்கண்ணே,” என்றார் கடைக்காரர், சாம்பாரைக் குழைத்தபடி. “செங்கல் ஏத்தணும். லோரிய வாடகைக்கு எடுப்பீங்களா, லோரி ஃபேக்டரி கட்டுவீங்களா?”

“அந்த லோரிக்காரன் நாளைக்கு வரமாட்டன் எண்டால்?” என்றார் அதிகாரி.

“வேற லோரி.”

“எல்லா லோரியும் ஒருத்தன்ட கையில இருந்தால்?”

கடைக்காரர் ரசத்தை ஒரு வாய் குடித்தார். “அப்ப அந்த ஆளோட மகள என் பையனுக்குக் கட்டி வச்சிடுவேன் லா.”

“பகிடி விடாதேயும். நம்மட நாட்டு ஆள் ராக்கெட்டில மேல போனபோது நீர் டிவிக்கு முன்னால எழும்பி நிக்கேல்லையா?”

“நின்னேன். அப்புறம் உக்காந்தேன். உக்காந்தவன் இன்னும் எந்திரிக்கல. அதான் உங்க அரசாங்க விண்வெளி.”

நான் இரண்டையும் மனத்தில் குறித்துக்கொண்டேன். மேடையில் திருடிச் சொல்வதற்குத்தான்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டு இன்சூரன்ஸ் புதுப்பிக்க வந்தது. தீ உண்டு, திருட்டு உண்டு, வெள்ளம் மட்டும் கிடையாது என்றார் ஏஜண்டுப் பையன்.

“ஏன்பா, போன வருசம் இருந்துச்சே?”

“இப்பல்லாம் மேலேருந்து பாத்துடுறாங்க அங்கிள். வெள்ள மேப்புல உங்க தாமான் சிவப்பு.”

எங்கள் தாமான், அதாவது நாங்கள் குடியிருக்கும் வீட்டு வரிசைகள், ஆற்றுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் பெரிய வெள்ளம் வந்து, மாடிப்படியில் பாதிவரை தண்ணீர் ஏறியது. நானும் மனைவியும் மேலே ஓர் இரவும் ஒரு பகலும் உட்கார்ந்திருந்தோம். அதை நான் மேடைக் கதையாக்கி வைத்திருந்தேன். கீழே ஃபிரிட்ஜ் பசுமாடு மாதிரி நீந்துகிறது. மீட்புப் படகு வருகிறது. நான் ஜன்னலில் நின்று என் மனைவியின் சிவப்புப் புடவையை ஆட்டுகிறேன். படகு எங்கள் வரிசைக்குள் திரும்பாமல் அடுத்த வரிசைக்குப் போகிறது. மனைவி சொல்கிறாள்: “உங்க மூஞ்சியக் காட்டாதீங்கன்னு சொன்னேன்ல?” இந்த இடத்தில் எந்த மண்டபமும் அதிரும். எங்கள் தாமான்காரர்களே, அதே தண்ணீரில் நின்றவர்களே, கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். என் மகள் மட்டும் சிரித்ததில்லை. அப்பன் ஜோக்குக்கு எந்தப் பிள்ளை சிரிக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பட்டிமன்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கிள்ளானிலேயே. மகள் என்னோடு காரில் வந்தாள். பாதி வழியில், “அப்பா, எனக்கு ஒரு வேலை வந்திருக்கு,” என்றாள்.

“இருக்கிற வேலைக்கு என்ன?”

“எங்க பிரிவே இருக்குமா தெரியல. சொந்தமா செயற்கைக்கோள் எதுக்கு, வேணுங்கறப்ப வெளிய படம் வாங்கிக்கலாம்னு பேசுறாங்க. இது அந்தப் படத்த விக்கிற கம்பெனி. அவங்க கோளுங்க ஒரே நாள்ல பல தடவ நம்ம தலைக்கு மேல போகும். நம்ம வீட்டு கேட்டே தெரியும்.”

“நான் பனியனோட நிக்கிறதும் தெரியுமா?”

“ப்பா.”

“சரி, சரி. யாருக்கு விக்கிறாங்க?”

“காசு குடுக்கிறவங்களுக்கு. செம்பனைத் தோட்டக்காரங்க, துறைமுகம்...” கொஞ்சம் நிறுத்தினாள். “இன்சூரன்ஸ்.”

“நம்ம வீட்டச் சிவப்பாக்கினது?”

“அவங்க படம்தான்.”

அடுத்த சிக்னல் வரை எனக்குப் பேச்சு எழவில்லை. எனக்கு இது அபூர்வமான நோய்.

“நாளைக்குள்ள பதில் சொல்லணும்,” என்றாள். “அரசா, தனியாரா. இன்னிக்கு நீங்க மேடைல என்ன தீர்ப்பு சொல்றீங்களோ, அதான் என் பதில்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “ரெண்டு கண்ணுன்னு சொன்னீங்கன்னா, நான் பஸ் எடுத்து வீட்டுக்குப் போயிடுவேன்.”

பட்டிமன்ற நடுவருக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. அவர் யார் பேச்சையும் கேட்பதில்லை. தலையை ஆட்டிக்கொண்டே அடுத்து தான் சொல்லப்போகும் ஜோக்கை ஒத்திகை பார்ப்பார். அன்று வாழ்க்கையில் முதன்முறையாக நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒய்பி, அதாவது எங்கள் தொகுதி உறுப்பினர், தாமதமாக வந்து, விளக்கேற்றி, தமிழர்களும் விண்ணைத் தொட வேண்டும் என்று மலாயில் பேசிவிட்டு, பகோடா வருவதற்குள் கிளம்பிவிட்டார். பிறகு அணிகள் மோதின.

கடைக்காரர் லோரியைக் கொண்டுவந்தார். தனியார் ராக்கெட் போன வழியே திரும்பிவந்து செங்குத்தாக நிற்கிறது, அரசாங்கக் கடிதம் திரும்பிவந்தாலும் அப்படி நிற்குமா என்று கேட்டார். கைதட்டல். அதிகாரி எழுந்து, வானமும் கடல் மாதிரி எல்லாருக்கும் பொது, அதை வேலி போட்டு விற்க விடலாமா என்றார். குரல் உண்மையாகவே தழுதழுத்தது. “நாளைக்கு நிலாவைத் துண்டு போட்டு விப்பினம். அந்தப் பட்டாவை, கிராண்டை, யார் குடுக்கிறது?”

“லேண்ட் ஆபிஸ்தான்! பேரன் காலத்துல கிடைக்கும்!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சொந்த ஆபிஸைச் சொன்னதும் அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நானும் சிரித்தேன். ஆனால் இரண்டு பக்கமும் சரியாகத்தான் பேசினார்கள், அதுதான் தொல்லை. கடைக்காரர் பேசும்போது மகள் போகட்டும் என்று இருந்தது. அதிகாரி பேசும்போது இருக்கட்டும் என்று இருந்தது. லோரியும் கடலும் என் தலைக்குள் இடித்துக்கொண்டன. மூன்றாவது வரிசையில் அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, சம்பளம் கொடுக்கிற முதலாளியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளைக்குப் பிறகு நடுவர் கொஞ்சம் பேச வேண்டும். பயம் வந்தால் என் வாய் தானாகப் படகுக் கதைக்குப் போய்விடும். சொன்னேன். ஃபிரிட்ஜ் நீந்தியது, சிவப்புப் புடவை ஆடியது, படகு திரும்பாமல் போனது. மண்டபம் அதிர்ந்தது. மகள் குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தகரக் கூரையில் மழை விழுந்தது.

முதலில் சத்தத்துக்கு ஈடாக மைக்கைக் கூட்டினார்கள். பிறகு சட்டைப்பைகளிலும் கைப்பைகளிலும் போன்கள் அதிரத் தொடங்கின. எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று: மழை கனத்தால் ஊரே காரை எடுத்துக்கொண்டு மேம்பாலச் சரிவுக்குப் போய்விடும். ஓரமாக வரிசையாக நிறுத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டு ஆறு என்ன முடிவு செய்கிறது என்று காத்திருப்போம். அதைக் ‘காரை ஏத்துறது’ என்போம். நான் தீர்ப்புக்காக எழுந்து “அன்பார்ந்த பெரியோர்களே” என்றபோது பெரியோர்களில் பாதிப்பேர் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“நடுவரே, தீர்ப்பைச் சொல்லிட்டுப் போம்!” என்று கத்தினார் அதிகாரி. அவர் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடியில் குடியிருப்பவர், அவசரமில்லை.

“தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது. நடுவரின் மனைவி பள்ளத்தில் இருக்கிறார்,” என்றேன். எஞ்சியவர்கள் சிரித்தார்கள். அதற்குள் மகள் எழுந்து கார்ச் சாவிக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போய் மனைவியை அவளுடைய சின்னக் காரில் கிளப்பி, இரண்டு கார்களையும் மேம்பாலத்தில் ஏற்றினோம். முன் காரில் மனைவி, சாமிப் படங்களோடு. பின் காரில் நானும் மகளும். துடைப்பான் நின்றதும் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்தது.

“தீர்ப்பு?” என்றாள்.

“அரசு,” என்றேன். நானே எதிர்பார்க்கவில்லை.

“காரணம்?”

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அதுவும் எனக்கு அபூர்வமான நோய்தான். “உங்க அரசாங்கப் படம் மங்கலா இருக்குன்னு நீயே சொல்லுவ. அந்த மங்கலுக்குள்ள நம்ம வீடு நல்ல வீடா இருக்கும்மா. தெளிவாப் பாத்தா சிவப்பு. நாளைக்கு விக்கவும் முடியாது, இன்சூரன்ஸும் கிடையாது. வயசான காலத்துல எனக்கு மங்கலே போதும்.”

முன் காரில் மனைவியின் போன் வெளிச்சம் தெரிந்தது.

“அந்த மங்கல் படத்தாலதான்ப்பா அன்னிக்குப் படகு நம்ம வரிசைக்கு வரல.”

எனக்குப் புரியவில்லை.

“அந்தப் படத்துல ஒரு கட்டம்னா ஒரு பெரிய பாடாங், ஃபுட்பால் திடல் அளவு. கட்டத்துல முக்காவாசி தண்ணியா இருந்தாதான் நீலமாகும். நம்ம வரிசை இருக்கிற கட்டத்துல எதிர்ல இருக்கிற மேட்டுத் திடலும் சேந்து வந்துச்சு. அதனால நீலமாகல. காஞ்ச இடம்னு வந்துச்சு. படகு அனுப்புறவங்க அதப் பாத்துட்டு அடுத்த வரிசைக்கு அனுப்பினாங்க. படம் போட்டது நான்தான். நீங்களும் அம்மாவும் மாடியில இருக்கீங்கன்னு தெரியும். போன் போகல. படம் காஞ்சதுன்னு சொல்லுது. எங்க அம்மா அங்க இருக்காங்கன்னு கையால நீலம் அடிக்க முடியுமா? அப்படி ஆளாளுக்கு அடிச்சா அது படமே இல்ல. அடிக்கல. ராத்திரி முழுக்க அந்தக் கட்டத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

ஒரு ஜோக் வாய்வரை வந்தது. அது என்ன என்று இன்றும் யாருக்கும் சொல்ல மாட்டேன். விழுங்கினேன். எத்தனை மேடை! எத்தனை முறை அந்தப் படகை அவள் முன்னால் ஓட்டியிருக்கிறேன்!

“தெளிவான படமும் அன்னிக்கே இருந்துச்சு,” என்றாள். “இந்தக் கம்பெனிகிட்ட. மறுநாள் யாரோ வாங்கிட்டாங்க. நாங்க அவசரம்னு கேட்டதுக்குப் படம் வரல, விலை போட்ட கொட்டேஷன் வந்துச்சு.”

நான் கைக்குட்டையால் உள்கண்ணாடியைத் துடைத்தேன்.

“இப்ப சொல்லுங்க. எது?”

“தெரியலம்மா,” என்றேன். “சத்தியமாத் தெரியல.”

“ம்,” என்றாள். “எனக்கும்தான்.”

அன்று ஆறு கால்வாயின் விளிம்புவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. மறுநாள் காலை அவளைக் கிள்ளான் ஸ்டேஷனில் இறக்கிவிட்டபோது, “வரேன்னு பதில் போட்டுட்டேன்ப்பா,” என்றாள்.

“எதனால?”

“அங்க நீலம் நீலமாத் தெரியும்.”

“தெரிஞ்சு? காட்டுறது யாருக்கு?”

கதவைச் சாத்தினாள். கேட்டதா என்று தெரியவில்லை. கேட்டிருக்கும்.

அதன் பிறகு எல்லாரும் அவரவர் வேலையைப் பார்த்தோம். அதிகாரி மட்டும் வாரம் ஒருமுறை போன் செய்து “தீர்ப்பு எங்கே?” என்பார். கடைக்காரர் தானே ஜெயித்ததாகக் கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி. படகுக் கதையை நான் நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாகப் பூனைக் கதையை நீட்டிப் பார்த்தேன். பொன்னாடையின் தரம் இறங்கியது. மகள் புது அலுவலகத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். நல்ல சம்பளம், நல்ல குளிர்சாதனம் என்பாள். எங்கள் தாமான் இன்னும் சிவப்பா என்று நான் கேட்டதில்லை.

போன வாரம் ஒரு காலை. நல்ல வெயில். எதிர்வீட்டுக்காரன் குழாயைப் பிடித்துக் கார் கழுவிக்கொண்டிருந்தான். மகள் போன் செய்தாள்.

“ப்பா, ரெண்டு காரையும் ஏத்துங்க. இப்பவே. அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க.”

“வெயில் மண்டையப் பொளக்குதும்மா.”

“மலைப்பக்கம் விடிய விடியக் கொட்டியிருக்கு. மத்தியானம் கடல் ஏறும்போது அந்தத் தண்ணி நம்ம பக்கம் வந்து நிக்கும். ப்பா... நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இது எங்க கஸ்டமருக்கு மட்டும் போற தகவல். தெரிஞ்சா வேலை போயிடும்.”

“நான் கஸ்டமரா?”

“நீங்க அப்பா,” என்று வைத்துவிட்டாள்.

வாசலுக்கு வந்தேன். “தம்பி, காரை ஏத்துப்பா. தண்ணி வருது.”

எதிர்வீட்டுக்காரன் வானத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், குழாய் ஆடும்படி சிரித்தான். “காலையிலயே ஆரம்பிச்சிட்டீங்களா அங்கிள்?”

“நெசமா லா.”

“யார் சொன்னா?”

வாயைத் திறந்தேன். மூடினேன். மேலே கையைக் காட்டினேன். அவன் இன்னும் சத்தமாகச் சிரித்து, வீட்டுக்குள் இருந்த மனைவியையும் கூப்பிட்டான். தாமான் வாட்ஸ்அப் குழுவில் ‘காரை ஏற்றுங்கள், வெள்ளம் வருகிறது’ என்று போட்டேன். சிரிக்கும் மூஞ்சிகள் வந்து விழுந்தன. ஒருவர் எழுதியிருந்தார்: ‘அப்படியே படகுக் கதையையும் எடுத்து விடுங்க அங்கிள்.’

ஆயுள் முழுக்க ஊரைச் சிரிக்க வைத்தவன், வெயிலில் நின்று வெள்ளம் என்கிறான். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

மனைவியோடு மேம்பாலத்துக்குப் போய் இரண்டு கார்களையும் நிறுத்தினோம். சரிவில் வேறு வண்டியே இல்லை. கண்ணாடியில் வெயில் அடித்தது. அன்று மேலிருந்து பார்த்த கண்ணுக்கு எங்கள் தாமான் தெளிவாகத் தெரிந்திருக்கும்: அத்தனை கேட், அத்தனை கார், குழாயைப் பிடித்து நிற்கும் ஒருத்தன். வெள்ளம் வருவது தெரிந்தவர்கள் இரண்டே தரப்பு. காசு கொடுத்தவர்கள், பிறகு நாங்கள்.

“என்னங்க யோசிக்கிறீங்க?” என்றாள் மனைவி. “பாவம், எதிர்வீட்டுல அந்தக் கிழவி நடக்கமாட்டா.”

எதிர்வீட்டுக்காரனின் அம்மா. மறந்தே போயிருந்தேன். போனை எடுத்து அவனை அழைத்தேன்.

“என்ன அங்கிள், அங்க மழையா?”

“தம்பி, இது ஜோக் இல்ல. என் மகள் சொன்னா.”

குழாய்ச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

“அந்தக் கம்பெனியிலேருந்தா?”

“ஆமா. அம்மாவத் தூக்கி வண்டில ஏத்து. யார்கிட்டயும் சொல்லாதே,” என்றேன். சொல்லும்போதே தெரியும், அவன் தெருவில் நின்று கத்தப்போகிறான் என்று. கத்தட்டும் என்றும் இருந்தது. கத்திவிடுவானே என்றும் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவன் கார் மேம்பாலத்தில் ஏறியது, மேலெல்லாம் சோப்பு நுரையோடு. பின்சீட்டில் கிழவி. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு வரிசையாக, வெயிலில், விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு. குழுவில் யாரோ என் மகளின் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருந்தார்கள். அதன் கீழே கும்பிடும் கைகள் ஏறிக்கொண்டே போயின.

மகளை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.